கடைசி வரி மட்டும் என்னுடையது

கீபோர்டுக்கு ஈரத்தைவிடத் தூசிதான் பெரிய எதிரி. எங்கள் பக்கத்துக் கரிசல் தூசி சலித்த மாவு மாதிரி இருக்கும். துணி போட்டு மூடினாலும் கட்டைகளின் இடுக்கில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். என் கீபோர்டைப் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் உறை இல்லாமல் வைத்திருக்கிறீர்கள். அதில் சாட்சிப் பொருள் என்று சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். ஒட்டிக்கொள்ளுங்கள், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பழைய வேட்டியையாவது போட்டு மூடி வையுங்கள், மேடம்.

நடந்ததை என் கையால் எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டேன். நீங்கள் கட்டாயப்படுத்தவில்லை, அடிக்கவில்லை, இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தீர்கள். நீதிபதி முன்னால் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். வாயால் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் வேறு. இந்த அறையில் ஒரு மேஜையைத் தவிரச் சாமான் எதுவும் இல்லை. பேசினால் சுவர் திருப்பிச் சொல்கிறது. எனக்கு அது பயமாக இருக்கிறது.

என் பெயர் பெனோ. வயது நாற்பத்து நான்கு. ஓட்டப்பிடாரத்திலிருந்து கோவில்பட்டி போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலில் கீபோர்டு வாசிப்பவன். மேல்நாட்டு இசையில் எட்டு கிரேடு பரீட்சையும் எழுதி முடித்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. வழக்குக்கு அது வேண்டும்.

ரூபஸ் அண்ணாச்சி எந்தப் பரீட்சையும் எழுதாதவர். அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். சுற்றி உள்ள பத்து ஊரிலும் பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் அவரைத்தான் தேடுவார்கள். கயிறும் கப்பியும் வண்டிப் பெட்டியில் எப்போதும் கிடக்கும். எங்கள் கோயில் பிரதிஷ்டை பண்டிகைக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு புதுப்பாட்டுக்கு அவர்தான் மெட்டுப் போடுவார். அவர் பாடப் பாட நான் சுரங்களை ஆங்கில எழுத்தால் குறிக்கிற சொல்ஃபா முறையில் நாலு குரலுக்கும் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துப் பாடகர் குழுவுக்குக் கொடுப்பேன். பதினோரு வருஷம் இப்படித்தான் நடந்தது. எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவர் மெட்டுப் போடுகிற விதம் தனி. வேலைக்குப் போகிற இடத்தில் கிணற்றுக்குள் பாடிப் பார்ப்பார். ஒரு சுரத்தைப் பாடிவிட்டு நிற்பார். கிணறு அதைத் திருப்பித் தரும்போது, அதற்கு இசைவாக அடுத்த சுரத்தை மேலே வைப்பார். கிணற்றோடு இடித்தால் அந்தச் சுரத்தைத் தள்ளிவிடுவார். நாளடைவில் மோட்டார் இல்லாத கிணறாகத் தேடிப் போக ஆரம்பித்தார். சோலை நாயக்கர் பிஞ்சைக் காட்டில் உள்ள, மாடு கட்டி இறைத்த பழைய கமலைக் கிணறுதான் அவருக்குப் பிடித்தது. நாயக்கர் போர்வெல் போட்ட பிறகு அந்தக் கிணற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சுற்றுச்சுவர் கிடையாது. கமலை இறைத்த காலத்துக் கல் ஒன்று உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் நின்று, குனிந்து பாடுவார். காற்று அடித்தால் பாட மாட்டார். காற்று ஓய்ந்தால்தான் கிணறு ஒழுங்காகப் பேசும் என்பார்.

இதன் அருமை அவருக்கே தெரியாது. நான் எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. அவர் மெட்டைக் கொஞ்சம் தாமதித்து அதன்மேலேயே வைத்தால், இரண்டும் இடிக்காமல் ஓடும். மூன்றாவது தடவை வைத்தாலும் ஓடும். ஃபியூக் என்றால் என்ன என்று கேட்டீர்களே, அது இதுதான். ஒரு மெட்டு தனியாகத் தொடங்கும். அது போய்க்கொண்டிருக்கும்போதே இன்னொரு குரல் அதே மெட்டை வேறு சுருதியில் பிடித்துக்கொள்ளும். பிறகு மூன்றாவது, நான்காவது. யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை; இருந்தாலும் கணக்குப் பிசகாது. தமக்கு முன்னால் வாழ்ந்த ஒரு இசைக்காரருடைய மெட்டை எடுத்து இப்படிக் கட்டி, அவருக்கு மரியாதையாக வைப்பது மேல்நாட்டில் பழைய வழக்கம். முன்னால் வாழ்ந்தவர் என்பதுதான் அதில் முக்கியம்.

போன வருஷம் மாசியில் ஒரு மெட்டைப் பாடிக் காட்டினார். என் வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், கண் கலங்கிவிட்டது. இந்தக் கரிசல் காட்டில், மோட்டார் கிரீஸ் ஒட்டிய கையோடு ஒருவர் இதைப் பாடுகிறாரே, இதை இந்த ஊர் ஒரு பண்டிகைக்குப் பாடிவிட்டு கோயில் விருந்தில் அசனச் சோற்றைத் தின்றுவிட்டு மறந்துபோகுமே என்று நினைத்தேன். அன்றைக்கே தீர்மானித்தேன். பங்குனியில் ஃபியூக்கை எழுத ஆரம்பித்தேன்.

ஒரு குறைதான். மெட்டுக்குக் கடைசி வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவு பாடுவார். நான் அதை வைத்துப் பத்துப் பக்கம் எழுதியிருப்பேன். அடுத்த வாரம் வந்து, அது சரியில்லை சார், மாத்திட்டேன் என்பார். கணக்கில் விடை தெரியாமல் வழி போட்டுக்கொண்டு போகலாம். ஃபியூக்கில் அது நடக்காது. சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் எழுதியதைக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுக்காமல், இதை இப்படியே விட்டுவிடுங்கள் அண்ணாச்சி என்று கேட்டேன்.

"பாட்டு என்ன மோட்டாரா சார், ஒருதடவ காயில் கட்டிவிட்டா அப்படியே ஓட? அது உசுரோட கெடக்கு. மாறத்தான் செய்யும்" என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. உயிரோடு இருக்கிற வரைக்கும் மாறத்தான் செய்யும்.

ஆடி இரண்டாம் வெள்ளி. பள்ளி விட்டு, அவர் கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. வெயில் தாழ்ந்து காற்றும் ஓய்ந்திருந்ததால் எங்கே இருப்பார் என்று தெரியும். சோலை நாயக்கர் பிஞ்சைக்குப் போனபோது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கல்லின்மேல் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சார். முடிவு வந்துட்டு. இங்கன வந்து நின்னு கேளுங்க" என்றார்.

பாடினார். கிணறு வாங்கிக்கொண்டது. அந்தக் கடைசி வரி கீழே இறங்குகிற மாதிரி வந்து, இறங்காமல், ஒரே ஒரு சுரம் மேலே போய் நிற்கும். என் தலைக்குள் நாலு குரலும் அந்த இடத்தில் வந்து சேர்ந்தன. நாலு மாதமாகத் தேடிய விடை கிடைத்துவிட்டது. இன்னொரு தடவை பாடச் சொன்னேன். பாடினார். பாடி முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு எப்படி வருதுன்னு பாப்பம்" என்றார்.

நாளைக்கு என்ற அந்தச் சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இன்னும் ஒரே ஒரு தடவை, நன்றாகக் குனிந்து பாடுங்கள் அண்ணாச்சி, கீழ்ச் சுரம் சரியாக விழவில்லை என்றேன். குனிந்தார். என் கை அவர் முதுகில் பட்டது. அதைத் தள்ளியது என்று சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்த எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவுதான் அழுத்தினேன். உங்கள் தாளில் தள்ளினேன் என்றுதான் எழுத வேண்டும் என்றால், தள்ளினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அவருக்கு நீச்சல் தெரியும். ஆனால் விழும்போது இடையில் இருந்த படிக்கல்லில் கால் அடிபட்டிருந்தது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தண்ணீர் இரண்டு ஆள் ஆழம். ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, "சார், வண்டில கயிறு கெடக்கு" என்றார். அவசரப்படாமல்தான் சொன்னார், நான் எடுத்துக்கொண்டு வருவேன் என்று நம்பியிருக்கிறார். கிணறு அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் சார் என்றார். பிறகு கயிறு என்று மட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக வந்தது. நாலு குரலை நான் அதுவரை தாளில்தான் கேட்டிருந்தேன். வண்டி பதினைந்து அடி தூரத்தில் நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு பாட்டு எத்தனை நிமிடம் என்று பார்ப்பது எனக்குப் பழக்கம்.

மறுநாள் காலையில் ஆடு மேய்க்கப் போனவர்கள் பார்த்தார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், மனுசன் எம்மாத்திரம் என்று சோலை நாயக்கர் அடக்கத்தன்று சொன்னார். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது விசாரிக்க வந்த உங்கள் ஆட்களிடம், போன ஞாயிறு ஆராதனையில் பார்த்ததுதான் கடைசி என்று சொன்னேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மனைவி அஞ்சலின் மதினி மட்டும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "காத்து அடிச்சா அவிய பாடமாட்டாவளே." அழுகைக்கு நடுவில் சொன்னதால் யாரும் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன்.

பயம் அன்று தொடங்கியது. மனசாட்சி என்று நீங்கள் நினைக்க வேண்டாம். அதைப் பற்றி நான் சொல்லவில்லை. மறுநாள் குளிக்கப் போனேன். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. அதற்குள் இன்னொரு சத்தம் இருந்தது. குழாயை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு கதவைத் திறந்து வைத்துத்தான் குளிப்பேன். "வயசுப் பிள்ள இருக்குத வீட்ல கதவத் தொறந்து போட்டுக் குளிக்கீங்களே, என்ன பழக்கம் இது?" என்று என் மனைவி சபிதா சத்தம் போட்டாள். மூச்சு முட்டுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது, பின்பெஞ்சு கொஞ்சம் பிந்தி வரும். அதற்காகவே வாய்ப்பாட்டை எழுதிக்காட்டச் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர் நல்ல முறை என்று பாராட்டினார்.

ஃபியூக்கை மட்டும் நிம்மதியாக எழுத முடிந்தது. இனி யாரும் எதையும் மாற்றப்போவதில்லை. இந்த வருஷம் ஆடியில் அவருக்கு முதல் வருஷ நினைவு ஆராதனை நடத்தினார்கள். அன்றைக்குத்தான் அதை வாசித்தேன். கோயில் நிறைந்திருந்தது. வாசிப்பதற்கு முன்னால் எங்கள் போதகர் ஐயர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நான் சொன்னேன்: "இது ரூபஸ் அண்ணாச்சியின் மெட்டு. முடிக்காமல் போய்விட்டார். கடைசி வரி மட்டும் என்னுடையது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். அந்த வரியைக் கேட்டவர்கள் இருவர். ஒருவர் இல்லை. அவர் செல்போனும் அவரோடு தண்ணீருக்குள் போய்விட்டது. சொல்ஃபாவில் எழுதாத பாட்டு காற்றோடு போனதுதான் என்று பதினோரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். சுரம் எழுதத் தெரியாத மனிதர், மறந்துபோகாமல் இருக்க வேறு ஒரு வழி வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மதினி மூன்றாவது பெஞ்சில் முக்காடு போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கடைசி வரி வந்தபோது தலையைத் தூக்கினார். அழவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்து எல்லாரும் வந்து கையைப் பிடித்துக் கண்ணீர் விட்டுப் போன பிறகு, கடைசியாக வந்தார்.

"கடைசி வரி நல்லாருக்கு சார். எப்ப வந்துச்சு?"

"போன மாசம்தான் மதினி."

"அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆறு ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும், "அவிய பாட்ட இன்னொருக்க வாசிங்க சார்" என்பார். விதவை கேட்கிறார், கோயிலுக்குள் வைத்துக் கேட்கிறார், எப்படி முடியாது என்பது? வாசிப்பேன். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பார்ப்பார். போகும்போது ஸ்தோத்திரம் சார் என்பார். வியாழக்கிழமையே எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பயம் ஆரம்பித்துவிடும். வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதினேன். எழுதியதைக் கிழித்தேன். ஓடினால் தெரிந்துவிடும் என்ற பயம், இருந்தால் தெரிந்துவிடும் என்ற பயம். ஆறாவது ஞாயிறு அவர் கேட்டது இது:

"சார், அந்தக் கிணத்துக்கிட்ட வச்சி ஒருதடவ இத வாசிக்கணும். ஒரு ஜெபம் பண்ணிட்டு வந்துருவோம். சனிக்கெழம எனக்குக் கம்பெனி அரைநாள்தான்."

சனிக்கிழமை பேட்டரியில் ஓடுகிற கீபோர்டை வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். மதினி புதியம்புத்தூர் தையல் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தார். கூட ஒரு பெண். கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர் என்று நினைத்தேன். அது நீங்கள்தான் மேடம். சாதாரணச் சேலையில் உங்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சோலை நாயக்கர் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்திருந்தார். பருத்தி விதைக்க உழுது போட்டிருந்த காடு. வரும்போது நல்ல காற்று அடித்தது. கீபோர்டை ஸ்டாண்டில் வைத்துச் சரி செய்து முடிக்கும்போது காற்று நின்றது.

கிணற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசித்தேன். நான் வாசித்ததை எல்லாம் கிணறு வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பித் தந்தது. இடையில் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன், விரல் நிற்கவில்லை. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மதினி அந்தக் கல்லின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் செல்போன். அதைக் கிணற்றின்மேல் நீட்டி, எதையோ தொட்டார்.

"ஏட்டி அஞ்சலி, முடிவு வந்துட்டு. இப்பத்தான், இந்தக் கிணத்துல வச்சி வந்துச்சு. யாருக்கும் இன்னும் பாடிக் காமிக்கல. மறந்துரும், நீ பத்திரமா வச்சிக்க."

ரூபஸ் அண்ணாச்சியின் குரல். அதற்குப் பிறகு பாட்டு. கீழே இறங்குகிற மாதிரி வந்து, இறங்காமல், ஒரு சுரம் மேலே போய் நிற்கிற அதே வரி. அன்று மாலை ஐந்து நாற்பத்திரண்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்காத ஒருவனுக்கு அந்த வரி தெரிந்திருக்க வழியில்லை. பதினோரு வருஷமாக எல்லா மெட்டையும் அப்படித்தான் மனைவிக்கு அனுப்பி வைத்திருக்கிறார். யாருக்கும் ஏன் இதைப் போட்டுக் காட்டவில்லை என்று பிறகு நீங்கள் மதினியிடம் கேட்டதும், அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. "வீட்ல கூப்பிடுத மாதிரி ஏட்டின்னு கூப்பிடுதாவ. அத எப்படி ஊருக்குப் போட்டுக் காட்ட?"

செல்போன் நின்றுவிட்டது. கிணறு நிற்கவில்லை. பாட்டு முடிந்த பிறகும் உள்ளே இருந்து வந்துகொண்டிருந்தது. சார் என்றது. வண்டில கயிறு கெடக்கு என்றது. உங்கள் மூன்று பேருக்கும் அது கேட்கவில்லை என்று பிறகு சொன்னீர்கள். எனக்குக் கேட்டது. என் வாழ்க்கையில் அந்த மாதிரிப் பயந்ததில்லை. மதினி என் பக்கத்தில் வந்து, சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்:

"எம்புட்டு நேரம் கூப்பிட்டாவ சார்?"

"ஆறு நிமிஷம் பத்து செகண்டு" என்றேன்.

வாத்தியார் வேலையின் கோளாறு அது. கேள்வி கேட்டால் விடை சொல்லிவிடுவேன். மதினி அப்படியே உழவுக்கட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் வந்து என் கையைப் பிடித்தீர்கள். ஃபியூக்கும் ஆறு நிமிடம் பத்து விநாடிதான், மேடம். கோயிலில் ஒவ்வொரு தடவையும் ஒரு விநாடி கூடவில்லை, குறையவில்லை. நோட்டில் வேகத்தைக் குறித்திருக்கிறேன். வாசிக்கிறவர்கள் அதை மாற்றக் கூடாது.

அந்த நோட்டின் அட்டையைப் பற்றியும் கேட்டீர்கள். ரூபஸ் நினைவாக என்று எழுதி, கீழே பங்குனி மாதத் தேதி போட்டிருக்கிறதே, அவர் இறந்தது ஆடியில் அல்லவா, தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டீர்களா என்றீர்கள். தப்பில்லை. எதை எழுத உட்கார்ந்தாலும் தலைப்பையும் தேதியையும் முதலில் எழுதிவிடுவது என் வழக்கம்.

நேற்று முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். அந்த மெட்டு இன்றைக்கு நோட்டில் பத்திரமாக இருக்கிறது. அண்ணாச்சி இருந்திருந்தால் இதற்குள் பத்துத் தடவை மாற்றியிருப்பார். அவருக்கு நான் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு தவறு செய்துவிட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. அஞ்சலின் மதினியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கடைசி வரி அண்ணாச்சியுடையதுதான். சபையார் முன்னால், கோயிலுக்குள் நின்று, அதை என்னுடையது என்று சொன்னது பெரிய பாவம். அதற்கு மட்டும் அவர் என்னை மன்னிக்க வேண்டும்.